கண்ணாடிக்கு வெளியே நின்றது போதும், உள்ளே போங்கள்

கடிதம் எழுதியவர் 26 வயதுத் தாய். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் கணவர், மாமியாரோடு இருக்கிறார். அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். கணவர் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இவர் பட்டணத்தில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறார். இது தலைப்பிரசவம். 29 வாரம் நெருங்கிய சமயத்தில் முகமும் காலும் வீங்கி, கண் மங்கி, இரத்த அழுத்தம் ஏறிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டு நாள் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, 29 வாரத்தில் அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, 1,180 கிராம். இன்றைக்கு 16 நாள். மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள், வாய் வழியாகப் போகும் சிறு குழாயில் பால் கொடுக்கிறார்கள். எடை 1,060 வரை இறங்கி, இப்போது 1,195க்கு வந்திருக்கிறது.

அவர் கேட்பவை இவை. நான் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனதா? எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்கிறார் மாமி, உண்மையா? தொட்டால் கிருமி ஒட்டிவிடுமோ என்று பயந்து கண்ணாடிக்கு வெளியே நின்றே பார்த்துவிட்டு வருகிறேன், அது சரிதானா? பால் 15 மில்லிதான் வருகிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் அதையும் ஊற்றிவிடுகிறேன், நிறுத்திவிடலாமா? முதலாளி, “குழந்தை ஆஸ்பத்திரியிலதானே இருக்கு, வேலைக்கு வந்திரு, லீவைப் பிறகு எடுத்துக்கோ” என்கிறார், போகலாமா? கடைசியாக ஒரு வரி: “அவள் என்னை அடையாளம் கண்டுகொள்வாளா, டாக்டர்?”

அன்புள்ள தங்கைக்கு,

அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் குரல் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். கர்ப்பத்தில் 25, 26 வாரத்திலேயே குழந்தைக்குக் காது கேட்கத் தொடங்கிவிடும். கடையில் நீங்கள் வாடிக்கையாளரிடம் பேசியதும், வீட்டில் கணவரிடம் கோபித்துக்கொண்டதும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. இப்போது அவளைச் சுற்றி இருப்பவை இயந்திரச் சத்தமும் அந்நியக் குரல்களும். அவளுக்குப் பழக்கமான ஒரே குரலை அவள் 16 நாளில் நான்கு முறைதான் கேட்டிருக்கிறாள், அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வயிற்றில் தையலோடு, முப்பது நாள் வாசல் தாண்டக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடு, நான்கு முறை போனதே பெரிய காரியம். ஆனால் இந்தக் கடிதத்தில் நான் மாற்ற விரும்புவது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் போய் நிற்கும் இடத்தை.

உங்களால் வந்ததல்ல

மோட்டாரில் போனது, அன்னாசி தின்றது, கிரகணத்தன்று வாசலில் நின்றது என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஒன்றுகூடக் காரணம் இல்லை. உங்களுக்கு வந்தது கர்ப்பகால இரத்த அழுத்த நோய். கர்ப்பத்தின் தொடக்கத்தில் நச்சுக்கொடி கருப்பையின் சுவரில் வேர்பிடிக்கும்போது, அங்கே உள்ள இரத்தக் குழாய்கள் நன்றாக விரிய வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. வெளியே எதுவும் தெரியாது. மாதங்கள் கழித்துத் திடீரென்று அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், குழந்தைக்குப் போகும் இரத்தம் குறையும். கர்ப்பம் என்று உங்களுக்கே உறுதியாகத் தெரிவதற்கு முன் தொடங்கிவிட்ட கோளாறுக்கு நீங்கள் ஓட்டிய மோட்டார் எப்படிக் காரணமாகும்?

அந்த இரண்டு நாள் போட்ட ஊசியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதில் ஸ்டீராய்டு மருந்து இருந்திருக்கும். குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பக்குவப்படுத்தக் கொடுப்பது அது. வீக்கத்தையும் கண் மங்கலையும் சாதாரணம் என்று விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்களே, அதனால்தான் அந்த ஊசிக்கு நேரம் கிடைத்தது.

கடிதம் முழுக்கக் குழந்தையைப் பற்றி இருக்கிறது, உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு அதுதான் கவலை. இந்த நோய் பிரசவத்தோடு முடிந்துவிடாது. அடுத்த சில வாரங்களுக்கு அழுத்தம் மறுபடி ஏறலாம். உங்கள் ஊர் கிளினிக்கில் சொன்ன நாட்களில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தாங்க முடியாத தலைவலி, கண்ணில் பூச்சி பறப்பது, மேல்வயிற்றில் வலி, மூச்சு வாங்குவது, வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் பகல் இரவு பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அடுத்த முறை கர்ப்பம் தரித்தால் முதல் மூன்று மாதத்துக்குள் கிளினிக்கில் பதிந்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள். 12 வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுத்தால் இந்த நோய் திரும்ப வரும் வாய்ப்பு குறைகிறது.

உள்ளே போங்கள்

தொட்டால் கிருமி ஒட்டும் என்ற பயம் நியாயமானது, பாதி உண்மையும்கூட. குறைமாதக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு. அதனால்தான் வளையல், மோதிரத்தைக் கழற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறார்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்குப் போகக் கூடாது. மற்ற நாட்களில், கழுவிய உங்கள் கை அவளுக்கு ஆபத்தில்லை. சொல்லப்போனால் உங்கள் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிகள் அவள் உடம்பில் குடியேறுவது நல்லது. ஆஸ்பத்திரியின் முரட்டுக் கிருமிகளுக்கு இடம் குறையும்.

1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் இன்குபேட்டர் போதாமல் ஒரே பெட்டியில் பல குழந்தைகளைப் படுக்கவைக்கும் நிலை இருந்தது. எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்போடு, தோலோடு தோலாக, நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். கங்காருத் தாய்மைப் பராமரிப்பு என்று இன்று சொல்வது அங்கே தொடங்கியது. வசதி இல்லாத இடத்துக்கு மாற்று ஏற்பாடு என்றுதான் பல ஆண்டுகள் அதைப் பார்த்தார்கள். பிறகு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளிடம் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. உடல்நிலை சீராகட்டும் என்று காத்திருக்காமல் பிறந்தவுடனே இதைத் தொடங்கியபோது இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. 2022இல் உலகச் சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகள் எல்லாருக்கும் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யும்படி பரிந்துரைத்தது. விலை உயர்ந்த மருந்து ஒன்று இவ்வளவு செய்தால் அதை வாங்க நகையை அடகு வைப்போம். இதற்கு உங்கள் நெஞ்சு போதும்.

மூக்கில் காற்றுக் குழாய் இருக்கும்போதே இதைச் செய்யலாம். தாதியிடம் கேளுங்கள். “என் குழந்தைக்கு எப்போது கங்காரு ஆரம்பிக்கலாம், நான் தயார்” என்று சொல்லுங்கள். குழந்தையின் அன்றைய நிலையைப் பார்த்து அவர்கள் நாள் சொல்வார்கள். இன்று வேண்டாம் என்றால் நாளைக்கும் கேளுங்கள். ஒருமுறை வைத்தால் குறைந்தது ஒரு மணி நேரமாவது அசையாமல் இருக்கும்படி போங்கள். சாப்பிட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்விட்டு உட்காருங்கள். தாலியைப் பின்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்ளுங்கள், சரடு அவள் தோலில் உரசும்.

அதுவரை கையால் தொடலாம். பெரும்பாலோர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். பாசத்தோடு விரலால் வருடுவார்கள். இந்த வயதுக் குழந்தையின் தோலுக்கும் நரம்புக்கும் வருடல் கூச்சம், சில வேளை வலி. ஒரு கையைத் தலையில் குடைபோலக் கவிழ்த்து, இன்னொரு கையால் மடங்கிய கால்களைச் சேர்த்துப் பிடித்து, அப்படியே அசையாமல் இருக்க வேண்டும்.

உங்கள் கணவரைப் போலவே குலை வெட்டும் ஓர் அப்பாவை நினைத்துக்கொள்கிறேன். மகனுக்கு மூன்று வாரமாகியும் தொடவில்லை. “என் கை சொரசொரன்னு இருக்கும், டாக்டர், கீறிடும்” என்றார். செம்பனை முள் குத்திக் கறுத்த புள்ளிகள் உள்ளங்கை முழுக்க. கழுவிவிட்டு வரச் சொல்லி, அந்தக் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைமேல் கவிழ்த்து வைத்தேன். தலை முழுதும் அந்த ஒரு கைக்குள் அடங்கிப்போயிற்று. கை காலை உதறிக்கொண்டிருந்த பிள்ளை சற்று நேரத்தில் அடங்கினான். ஆக்சிஜன் எண் 88இல் இருந்தது, மெல்ல 93க்கு வந்து நின்றது. அந்த மனிதர் திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அசையவில்லை. கை மரத்துப்போயிருக்கும், எடுக்கத்தான் மனம் வரவில்லை.

உங்கள் கணவரையும் கூட்டிப் போங்கள். உரம் போட்ட நாள், மருந்து அடித்த நாள் என்றால் குளித்து, உடை மாற்றிய பிறகு வரட்டும்.

15 மில்லி

தயவுசெய்து இன்றிலிருந்து ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், கணக்காகவே சொல்கிறேன். இந்த எடையில் உள்ள குழந்தைக்கு முழு அளவு பால் என்றால், கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால், ஒரு நாளைக்குச் சுமார் 180 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் 12 வேளை. ஒரு வேளைக்கு 15 மில்லி. நீங்கள் போதாது என்று ஊற்றியது உங்கள் மகளின் ஒரு வேளைச் சாப்பாடு.

குறைமாதத்தில் பெற்ற தாயின் பாலில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் கூடுதலாக இருக்கும். இந்தக் குழந்தைகளுக்கு வரக்கூடிய மோசமான குடல் அழற்சி ஒன்று உண்டு, குடலின் ஒரு பகுதியே அழுகிப்போகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது கணிசமாகக் குறைவு. பாலில் ஒரு பொடியைக் கலந்து கொடுத்தால் “என் பாலில் சத்தில்லையோ” என்று நினைக்காதீர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவள் எலும்புக்குச் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்தை ஈடுகட்டத்தான் அது.

பிரஷர் மருந்து விஷயம்: பிரசவத்துக்குப் பின் வழக்கமாகக் கொடுக்கும் லாபெட்டலால், நிஃபெடிபின் இரண்டும் பால் கொடுக்கும் தாய்க்குப் பொருந்துபவை. உங்களுடையது எது என்று அட்டையைப் பார்த்து, குழந்தை வார்டு மருத்துவரிடம் காட்டி, வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஊகத்தில் ஊற்ற வேண்டாம். ஊகத்தில் கொடுக்கவும் வேண்டாம்.

நீங்கள் ஒரு நாளில் நான்கு முறை பால் எடுக்கிறீர்கள். எட்டு முறை எடுங்கள். இரவு ஒருமுறையாவது எழுந்து எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கத்தான் சுரக்கும், வேறு இரகசியம் இல்லை. குழந்தையைத் தொட்டுவிட்டு, அல்லது அவள் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டு எடுத்தால் கூடுதலாக வருவதைத் தாய்மார் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மின்சாரப் பம்பு இல்லையென்றால் வார்டில் இரவல் உண்டா என்று கேளுங்கள். கையால் பிழியவும் தாதி சொல்லித் தருவார். பாட்டிலில் பெயர், தேதி, நேரம் எழுதி, எடுத்தவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஐஸ்கட்டி போட்ட பெட்டியில் கணவரிடம் கொடுத்தனுப்புங்கள். எத்தனை நாள் பாலை ஏற்பார்கள் என்பது வார்டுக்கு வார்டு மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாமியார் சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு செய்து தரட்டும், உப்பு மட்டும் மட்டாக. கடையில் விற்கும் மூலிகை உருண்டை, ஜாமு, ஆக்கார் காயு எதுவும் பிரஷர் மாத்திரையோடு வேண்டாம்.

அலாரமும் ஒரு 555 நோட்டும்

அலாரம் அடிக்கும்போது உயிர் போய்விடுகிறது என்கிறீர்கள். குறைமாதக் குழந்தைகள் மூச்சு விட மறந்துபோவார்கள். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி இன்னும் பக்குவப்படவில்லை. சில விநாடி நின்று, தானாகவோ தாதி உள்ளங்காலைத் தட்டியதாலோ திரும்பும். இதற்காகவே கேஃபீன் கொடுக்கிறார்கள், ஆம், நம் காப்பியில் இருக்கும் அதே பொருள்தான். பெரும்பாலும் 34 வாரத்தைத் தாண்டும்போது இது குறைந்துவிடும். அலாரம் அடித்தால் திரையைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். நிறம் மாறாமல், நெஞ்சு ஏறி இறங்கினால் பல வேளை கம்பி நழுவியிருக்கும், அவ்வளவுதான்.

“டாக்டர் மலாயில் வேகமாகச் சொல்வார், நான் ஓக்கே டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் 555 நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் இந்த நான்கையும் கேட்டு எழுதுங்கள்: இன்றைய எடை என்ன, எவ்வளவு பால் ஏற்கிறாள், மூச்சுக்கு எவ்வளவு உதவி தேவைப்படுகிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாற்றம். புரியாததைத் திரும்பக் கேளுங்கள், தமிழ் தெரிந்த தாதி இருந்தால் கூப்பிடச் சொல்லுங்கள். எந்தச் சிகிச்சைக்குக் கையெழுத்துக் கேட்டாலும், எதற்கு என்று புரிந்த பிறகு போடுவது உங்கள் உரிமை. தாதி ஒருநாள் கடுகடுத்தார் என்பதற்காக மறுநாள் கேட்காமல் வந்துவிடாதீர்கள்.

அந்த நோட்டில் இப்போதே ஒன்றைக் குறித்து வையுங்கள். 32 வாரத்துக்கு முன்போ 1.5 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை கட்டாயம் வேண்டும். முதல் பரிசோதனை பிறந்த 4 முதல் 6 வாரத்தில். காலத்தில் கண்டுபிடித்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம், தவறினால் குருடாகலாம். அதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும் கண் அப்பாயின்மெண்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடக் கூடாது.

எட்டாம் மாதக் கணக்கு

ஏழில் பிறந்தால் தங்கும், எட்டில் பிறந்தால் தங்காது என்று நம் பாட்டிமார் எல்லாரும் சொல்வார்கள். மருத்துவம் சொல்வது நேர்மாறு. வயிற்றில் கூடும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம். மாதக் கணக்குக்கு இதில் வேலையே இல்லை. 29 வாரத்தில், 1,180 கிராமில் பிறந்து நல்ல கவனிப்பில் இருக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு நாள் ஏறி ஒரு நாள் இறங்கும். கிருமித் தொற்று வரலாம், மூளையில் கசிவு இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்பார்கள், குழாயைக் கழற்றிவிட்டு மறுபடி வைக்கவும் நேரலாம். ஒன்றும் ஆகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் 16 நாள் கடந்து, பிறந்த எடையைத் திரும்பப் பிடித்திருக்கிறாள். அது நல்ல அறிகுறி.

உங்கள் மாமியாரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அவருக்கும் ஒரு குறைமாதப் பிள்ளை லயத்து வீட்டில் பிறந்து இரண்டாம் நாள் போய்விட்டது என்று. அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றேன். அவர் உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, தங்கை. தான் பட்டதை நீங்களும் படக்கூடாது என்று, பாசம் வைக்காதே, போய்ப் போய்ப் பார்க்காதே என்று தடுக்கிறார். 1963இல் அமெரிக்க அதிபர் கென்னடிக்கு ஒரு மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்தான். எடை சுமார் 2.1 கிலோ, உங்கள் மகளைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நுரையீரல் பக்குவப்படாததால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபர் வீட்டுப் பிள்ளைக்கே அன்று மருந்தில்லை. நுரையீரலுக்குள் விடும் மருந்தும், மூக்கு வழிக் காற்றும், தாய்க்குப் போடும் ஊசியும் பிறகு வந்தவை. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். அவர் பிள்ளை அவர் செய்த குற்றத்தால் போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முப்பது நாள் தீட்டுக்கு நான் எதிராகப் பேசவில்லை. அது பெற்றவளுக்கு ஓய்வு கொடுக்க வந்த ஏற்பாடு. காரில் போய், உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டு வருவது அந்த ஓய்வைக் கெடுக்காது. தையல் காயும் வரை மோட்டார் மட்டும் வேண்டாம். தாய்மார் தங்க இடம் உள்ள ஆஸ்பத்திரிகளும் உண்டு, கேளுங்கள். போக்குவரத்துச் செலவு இடித்தால் ஆஸ்பத்திரியின் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்கு எழுதித் தரும்படி வார்டில் கேட்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

முதலாளி சொல்வது

நான் வக்கீல் இல்லை, ஆனால் இது எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டப்படி பிரசவ விடுமுறை 98 நாள். அது பிரசவத்தோடு ஓடத் தொடங்கிவிட்டது. இடையில் வேலைக்குப் போய்விட்டுப் “பிறகு எடுத்துக்கொள்ள” சட்டத்தில் வழி இல்லை. முதலாளி நல்ல மனதோடு சொன்னாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். குறைமாதப் பிரசவத்துக்கென்று தனி நீட்டிப்பும் அந்தச் சட்டத்தில் இல்லை. 29 வாரத்தில் பிறந்தவள், 40 வாரம் நிறைய 77 நாள் ஆகும். அதற்குப் பின் உங்களுக்கு மூன்று வாரம்தான் மிஞ்சும். ஆகவே சம்பளமில்லா விடுமுறை பற்றி இப்போதே பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரசவ விடுமுறையில் இருப்பவரை வேலை நீக்கம் செய்வது குற்றம். அப்படி மிரட்டினால் தொழிலாளர் இலாகாவுக்குப் போகலாம்.

உங்கள் கணவர் மூன்று நாள் ஆண்டு விடுமுறையில் கழித்ததாக எழுதியிருந்தீர்கள். ஒரே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்த, திருமணமான ஆணுக்குத் தந்தைமை விடுமுறை 7 நாள், சம்பளத்தோடு. தோட்டத் தொழிலாளிக்கும் உண்டு. பிரசவம் முந்திக்கொண்டால் முடிந்தவரை சீக்கிரம் தெரிவிக்கச் சொல்கிறது சட்டம். இன்றைக்கே தோட்ட அலுவலகக் கிராணியிடம் போய்க் கேட்கட்டும். பிறப்புப் பதிவையும் தள்ளிப்போட வேண்டாம். “தங்கட்டும், அப்புறம் பேர் வைக்கலாம்” என்று காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது

எப்போது அனுப்புவார்கள் என்று கேட்காதவர் இல்லை. தானாக மூச்சு விட வேண்டும், உடம்புச் சூடு நிற்க வேண்டும், வாயால் குடித்து எடை கூட வேண்டும். உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் மூன்றையும் ஒழுங்காகச் சேர்த்துச் செய்யும் திறமை 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடும். ஆகவே உங்கள் பழைய பிரசவத் தேதியை மனதில் வையுங்கள். சில வாரம் முன்னால் வந்தால் சந்தோஷம்.

வந்த பிறகு சாம்பிராணிப் புகை வேண்டாம். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நுரையீரல் சிகரெட்டையும் சாம்பிராணியையும் பிரித்துப் பார்க்காது. நாக்கில் தொட்டு வைக்கும் சேனை, தேன், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து, மூக்கில் எண்ணெய் விடுவது, பவுடர், எதுவும் வேண்டாம். ஏணையிலும் ஸ்பிரிங் தொட்டிலிலும் படுக்கவைத்தால் கழுத்து மடிந்து மூச்சுக்குழல் அடைபடலாம். சமமான மெத்தையில், மல்லாக்க. சொந்தக்காரர் கூட்டத்தை வைத்து முப்பதாம் நாள் கும்பிடுவதைச் சில மாதம் தள்ளி வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது. தடுப்பூசி பிறந்த தேதிக் கணக்கில் போடுவார்கள், தலை நிற்பது, உட்காருவது எல்லாம் பழைய பிரசவத் தேதிக் கணக்கில் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழாதீர்கள்.

அழுகையைப் பற்றி ஒன்று. இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், நான் இல்லாவிட்டால் நல்லது என்ற எண்ணம் வந்தால் அது பலவீனம் இல்லை, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கு இது கூடுதலாக வருகிறது. கிளினிக்கில் அழுத்தம் பார்க்கும்போதே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டை ஒன்று போட்டுக்கொண்டு, தலைமுடியை இறுகக் கட்டிக்கொண்டு, பால் பெட்டியோடு போங்கள். கையைக் கழுவிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே போய், அவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்திருந்தீர்களோ, அந்தப் பெயரால் மெதுவாகக் கூப்பிடுங்கள்.